ஐந்து பெண்களும் ஒரு எருமையும் ஓர் இங்கிலீஷ் வார்த்தையும்

போன மாதம் எங்கள் பழைய போலீஸ் ஸ்டேஷனிலிருந்து இரண்டு இளம் காவலர்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஸ்டேஷனுக்குப் புதுக் கட்டடம் கட்டியிருக்கிறார்கள், திறப்பு விழாவுக்குப் பழைய ஆட்களையும் அழைக்கிறார்கள். காபி குடித்துக்கொண்டிருந்தபோது அவர்களில் ஒருவர் கேட்டார்.

"ஏனுங்கய்யா, உங்க காலத்துல எஃப்.ஐ.ஆர். எல்லாம் இங்கிலீஷ்லதான் எழுதோணுமாமா? நாங்க தமிழ்ல எழுதறதுக்கே திணறிப்போறோம்."

"எழுதுனோம் கண்ணு. திருட்டுக்கு மட்டும் அதுல எத்தனை வார்த்தைன்னு நெனைக்கறே?"

"தெஃப்ட். அது ஒண்ணுதானுங்களே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்களுக்கு நேரமில்லை, கிளம்பிவிட்டார்கள். சொல்ல வந்தது என்னிடமே தங்கிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எஸ்.எஸ்.எல்.சி. தேறியதும் மில்களின் வாசலில் வேலைக்கு நின்று பார்த்து, கிடைக்காமல் போலீசில் சேர்ந்தவன் நான். பயிற்சிப் பள்ளியில் ஓடினோம், வெயிலில் நின்றோம், மறுபடியும் ஓடினோம். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. என் கையெழுத்து நன்றாக இருக்கும். அந்த ஒரே காரணத்தால், அவிநாசிக்குக் கிழக்கே சேலம் ரோட்டின் மேலிருந்த ஒரு ஸ்டேஷனில் என்னை ரைட்டராக உட்கார வைத்தார்கள். கள்ளனைத் துரத்துவது மற்றவர்கள் வேலை. வந்து சொல்பவர் தமிழில் சொல்வதை இங்கிலீஷில் எழுதுவது என் வேலை. ஐம்பதுகளின் பின்பாதி அது.

எங்கள் பக்கத்து மக்கள் புகார் கொடுக்கும் அழகே தனி. பறிகொடுத்தவர் திருடியவருக்கும் மரியாதை கொடுத்துத்தான் பேசுவார். "கோழி புடிச்சிட்டுப் போனவரு அவருதானுங்க, நல்லாத் தெரியுமுங்க" என்பார். எது போனாலும் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: எடுத்துப்போட்டாங்க. நானும் எல்லாவற்றுக்கும் 'ஸ்டோல்' என்று எழுதி ஓட்டிக்கொண்டிருந்தேன். அதிகாரிகளும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அருணாசலம் என்கிற சப் இன்ஸ்பெக்டர் மாற்றலாகி வந்தார். திருநெல்வேலிக்காரர், பி.ஏ. படித்து நேரடியாக எஸ்.ஐ. ஆனவர். என்னைவிட வயதில் இளையவர் என்பதால் என்னை அண்ணாச்சி என்பார்; அவர்கள் ஊர்ப் பக்கம் மூத்தவர் எவரும் அண்ணாச்சிதான். குரலை உயர்த்த மாட்டார், மேஜையைத் தட்ட மாட்டார். யார் வந்தாலும் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கேட்க ஆரம்பிப்பார். ஆனால் ஒரு வார்த்தை தவறாக விழுந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

அவர் வந்த புதிதில் ஒரு அம்மா, கிணற்றடியில் வைத்த பித்தளைக் குடம் காணவில்லை என்று வந்தார்.

"குடத்த எடுத்துப்போட்டாங்க."

"எடுத்தான். சரி. எடுத்து எங்க போட்டான்?"

"எங்கயும் போடலீங்க. எடுத்துப்போட்டுப் போயிட்டாங்க."

"போட்டுட்டுத்தான் போனான்னா குடம் அங்கனதான கெடக்கணும்?"

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கிணற்றுக்குள் இறங்கிப் பார்க்க ஒரு கான்ஸ்டபிளை அனுப்பிவிட்டார் எஸ்.ஐ. அவன் சொட்டச் சொட்ட ஏறி வந்த பிறகுதான் விளக்கினேன். "சார், இங்கே தின்னாலும் தின்னுபோட்டேன், தூங்குனாலும் தூங்கிப்போட்டேன்னுதான் சொல்லுவாங்க. கீழே போட்டதுன்னு அர்த்தமில்லீங்க."

அவர் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "அப்போ செத்துப்போட்டேன்னும் சொல்லுவாங்களோ?"

"செத்தவங்க யாரும் இதுவரைக்கும் புகார் குடுக்க வரலீங்க சார்."

அவர் சிரித்து அன்றுதான் முதலில் பார்த்தேன். அதன்பிறகு எங்களுக்குள் ஓர் ஏற்பாடு வந்துவிட்டது. வந்தவர் பேச்சை நான் அவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். எந்த இங்கிலீஷ் வார்த்தை என்பதை அவர் முடிவு செய்வார்.

அவர் விசாரிக்கும் முறை எப்போதும் மாறாது. வந்தவரைப் பெஞ்சில் உட்கார வைப்பார். தண்ணீர் கொடுக்கச் சொல்வார். பிறகு கேட்பார்: உங்களுக்குத் தெரியாமல் எடுத்தானா? அப்படியென்றால் அது தெஃப்ட். அடிப்பேன் என்று பயம் காட்டி எடுத்தானா? அப்படியென்றால் ராபரி. பயம் காட்டி உங்கள் கையாலேயே கொடுக்க வைத்தானா? அது எக்ஸ்டார்ஷன். எப்படியோ நல்லபடியாகத் தன் கைக்கு வந்துவிட்ட பொருளைத் தன்னுடையது போலத் தின்று தீர்த்துவிட்டானா? அது மிஸ்அப்ராப்ரியேஷன். கடைசியாக, எத்தனை பேர் வந்தார்கள் என்பார். நாலு பேர் வரைக்கும் ராபரி. ஐந்தாவது ஆள் சேர்ந்துவிட்டால் அதற்குப் பெயர் டெக்காய்ட்டி, தண்டனையும் பல மடங்கு. "ஒரு ஆளு கூடிட்டா ஒரு ஆயுசே போயிரும் அண்ணாச்சி. எண்ணிட்டு எழுதுங்க" என்பார்.

கோயமுத்தூர் கோட்டைமேட்டு ஜவுளி வியாபாரி ஒருவர், ராவுத்தர், சந்தைக்கு வந்த இடத்தில் டீக்கடையில் குடையைப் பறிகொடுத்துவிட்டு வந்தார். அவருடைய புதுக்குடை இருந்த இடத்தில் யாரோ ஒரு கிழிந்த குடையை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ராவுத்தர் அந்தக் கிழிந்த குடையையும் கையோடு கொண்டுவந்திருந்தார். தெஃப்ட் என்று எழுத நான் பேனாவைத் திறந்தேன். எஸ்.ஐ. தடுத்தார்.

"தெரிஞ்சு எடுத்தானா, தெரியாம எடுத்தானான்னு யாருக்குத் தெரியும்? நாலு நாள் பொறுப்போம்."

பொறுத்தோம். அடுத்த சந்தையன்றைக்கு ஒரு விவசாயி கூச்சத்தோடு அந்தப் புதுக்குடையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். "மழை அவசரத்துல மாத்தி எடுத்துப்போட்டனுங்க. என்ற குடை இங்கே இருக்குங்களா?" என்றார். அவர் போனதும் எஸ்.ஐ. என்னிடம் சொன்னார். "தப்பா எடுத்தா மிஸ்டேக் அண்ணாச்சி. 'டேக்'கு வார்த்தைக்குள்ளயே இருக்கு பாருங்க." அன்று முழுவதும் அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

இப்படிக் குடமும் குடையுமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த எருமை விவகாரம் வந்தது.

சித்திரை மாதம், அவிநாசித் தேர் முடிந்து இரண்டொரு நாள் இருக்கும். பக்கத்து ஊரில் பெரிய தோட்டத்துக்காரர் என்று ஒருவர் இருந்தார். ஐந்தாறு கிணறும் மோட்டாரும் காடு நிறையப் பருத்தியும் உள்ளவர், ஊரில் அவர் சொல்லுக்கு மறு சொல் கிடையாது. நான் குடியிருந்த வீடும் அவருடையதுதான். அவர் காரில் வந்து இறங்கினார். கையில் டைப் அடித்த ஒரு காகிதம். கோயமுத்தூரில் வக்கீல் குமாஸ்தா ஒருவரிடம் சொல்லி இங்கிலீஷில் எழுதி வாங்கியது. ஆயுதம் தாங்கிய ஐவர் கும்பல் தன் தொண்டுப்பட்டிக்குள், அதாவது மாடு அடைக்கும் பட்டிக்குள் புகுந்து, காவலாளை மிரட்டி, கறவை எருமை ஒன்றை எடுத்துக்கொண்டு தலைமறைவானது என்று அதில் இருந்தது. தலைப்பிலேயே பெரிய எழுத்தில் டெக்காய்ட்டி.

எஸ்.ஐ. இரண்டு தடவை படித்தார். எழுந்து நின்றுவிட்டார். கொள்ளைக் கூட்டம் என்றால் சும்மாவா? துப்பாக்கி எடுக்கச் சொல்வாரோ என்று நான் பீரோவைப் பார்த்தேன்.

"கும்பல் எந்தப் பக்கமாப் போச்சு?"

"கெழக்கு வீதிக்குங்க."

"அப்புறம்?"

"அப்புறமென்னங்க, அவிய ஊடு அங்கதானுங்க."

"எருமை?"

"ராமாத்தா ஊட்டு வாசல்ல கட்டிக் கெடக்குதுங்க."

எஸ்.ஐ. மெதுவாக உட்கார்ந்தார். "ராமாத்தான்னா யாரு?"

"எருமைக்குச் சொந்தக்காரிங்க."

அவர் காகிதத்தை மறுபடியும் பார்த்தார். அதில் எருமை யாருடையது என்று மட்டும் எழுதியிருக்கவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வந்தது. ராமாத்தாளின் எருமை அவிழ்த்துக்கொண்டு போய் இவருடைய சோளக்காட்டில் மேய்ந்துவிட்டது. இவர் பிடித்துத் தொண்டுப்பட்டியில் அடைத்துவிட்டார். தேர் பார்க்க இவர் அவிநாசி போயிருந்தபோது ராமாத்தாளும் அவளோடு நான்கு பெண்களும் பட்டப்பகலில் வந்து எருமையை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

"பொம்பளைங்களா?" என்றார் எஸ்.ஐ.

"அஞ்சு பேருங்க. அஞ்சு பேருன்னா அதுக்கு அந்தப் பேருதான்னு வக்கீல் குமாஸ்தா சொன்னாருங்க. அருவாளும் வெச்சிருந்தாங்க."

சிரிக்கிற விஷயம் போலத்தான் இருந்தது. ஆனால் எஸ்.ஐ. சிரிக்கவில்லை. அவர் சொன்னதை இன்றும் நினைத்துக்கொள்வேன். "அண்ணாச்சி, சொந்த மாடா இருந்தாலும் இன்னொருத்தர் வசம் முறைப்படி இருக்கும்போது எடுத்தா அது தெஃப்ட்தான். அரிவாளைக் காட்டியிருந்தா ராபரி. அஞ்சு பேருன்னா டெக்காய்ட்டிதான், பேச்சுக்கே எடமில்லை. இது உள்ள போயிட்டா அந்தப் பொம்பளைங்க வெளிய வர வருஷக்கணக்காகும்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் கிளம்பினோம். ரைட்டர் ஸ்டேஷனை விட்டு நகரக் கூடாது. ஆனால் நானில்லாமல் அந்த ஊரில் யார் பேசுவதும் அவருக்கு விளங்காது, அவர் பேசுவதும் யாருக்கும் விளங்காது.

தொண்டுப்பட்டியைச் சுற்றிப் பார்த்தார். கதவு, சங்கிலி, எருமை கட்டியிருந்த முளை, எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். சங்கிலி அறுபடவில்லை, கதவும் உடையவில்லை. "ஹவுஸ்பிரேக்கிங் இல்லை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவர் கிணற்றுப் பக்கம் கை கழுவப் போனபோது தோட்டத்துக்காரர் என் அருகே வந்தார்.

"கண்ணு, எழுதறது நீதானே. அந்தக் காயிதத்துல இருக்கற வார்த்தைய அப்படியே எழுதிப்போடு. இவரு வேற ஊருக்காரரு, நாளைக்குப் போயிருவாரு. நீயும் நானும் இங்கதான் இருக்கோணும்."

குரலில் மிரட்டல் இல்லை. பாசத்தோடுதான் சொன்னார். வீட்டில் என் மனைவி புதிதாக அவரைக்கொடி ஊன்றியிருந்தது நினைவுக்கு வந்தது.

"வார்த்தை அவருதுங்க. கையெழுத்து மட்டுந்தானுங்க என்னுது" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

காவல்காரர் மாரப்பனை முதலில் விசாரித்தோம். எழுபது வயதிருக்கும். கேட்டதற்குக் கேட்டபடி பதில் சொல்லும் மனிதர்.

"அவங்க கையில அரிவாள் இருந்ததா?"

"இருந்துதுங்க. தலையில புல்லுக்கட்டும் இருந்துதுங்க."

"அரிவாளைக் காட்டி மிரட்டினாங்களா?"

"அருவா இடுப்புல சொருவியிருந்துதுங்க. காட்டலீங்க, தெரிஞ்சுது."

"நீங்க பயந்தீங்களா?"

"பயந்தனுங்க."

என் பேனா நின்றது. தோட்டத்துக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எஸ்.ஐ. அசையாமல் கேட்டார். "எதைப் பார்த்துப் பயந்தீங்க?"

"ராமாத்தாளப் பாத்துங்க."

"அரிவாள் இருந்ததாலயா?"

"இல்லீங்க. அவளப் பாத்தா எனக்கு எப்பவும் பயந்தானுங்க. சின்னப் புள்ளையா இருந்தப்ப இருந்தே அப்படித்தானுங்க. வாய் அந்த மாதிரி."

எஸ்.ஐ. என்னைப் பார்த்தார். நான் வரி பிசகாமல் அதை இங்கிலீஷில் எழுதினேன்.

பிறகு பெண்களை அழைத்துவரச் சொன்னார். ஐந்து பேரும் சேர்ந்தே வந்தார்கள். ஒருத்தி இடுப்பில் கைக்குழந்தை. ராமாத்தாளுக்கு முப்பது வயதிருக்கும், ஒடிசலான உடம்பு. கணவர் கரூர்ப் பக்கம் கிணறு வெட்டப் போயிருந்தார். அவர் வரும்வரை வீட்டில் அடுப்பு எரிவது அந்த எருமைப் பாலால்தான். வந்தவள் கும்பிட்டாள், உட்காரவில்லை.

"எருமையை நீங்க ஓட்டிட்டு வந்தீங்களாம்மா?"

"ஓட்டலீங்க. கயித்தக்கூடத் தொடலீங்க. கன்னுக்குட்டியக் கொண்டாந்து கதவுக்கு அக்கட்ட நிறுத்துனனுங்க. அது கத்துச்சுங்க. சங்கிலிய எடுத்து உட்டனுங்க. எருமை தானா வந்துபோட்டுது. ரண்டு நாளா கன்னுக்குப் பாலில்லீங்க. வராம இருக்குமுங்களா?"

எனக்கு அப்பாடா என்றிருந்தது. எருமை தானாக வந்தால் அதில் திருட்டு எங்கே இருக்கிறது? ஆனால் எஸ்.ஐ. தலையை ஆட்டினார்.

"அண்ணாச்சி, இதையும் சட்டம் எழுதினவன் யோசிச்சு வச்சிட்டான். எந்த வழியிலயாவது ஒரு மிருகத்தை நகர வச்சா, நாம நகர்த்தினதாத்தான் அர்த்தம். கன்னைக் காட்டினாலும் அப்படித்தான். இதை அந்த அம்மாவுக்குச் சொல்லுங்க."

சொன்னேன். ராமாத்தாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ற எருமைய என்ற கன்னக் காட்டிக் கூப்புட்டா அது திருட்டா? இது எந்த ஊரு ஞாயமுங்க?"

"திருட்டுன்னு சொல்லலீங்க அம்மணி. அதுக்கு மேல, கொள்ளைன்னு எழுதிக் குடுத்திருக்காரு. அஞ்சு பேரு போனீங்கல்ல."

அதைக் கேட்டதும் குழந்தை வைத்திருந்தவள் பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். ராமாத்தாளின் குரல் இறங்கிவிட்டது.

"செயிலுக்குப் போகோணுமுங்களா?"

"போனா எருமைய ஆருங்க கறப்பாங்க?" என்றாள். பிறகு, "இவியள உட்டுருங்க. நான்தான் கூட்டிட்டு வந்தேன்" என்றாள்.

எஸ்.ஐ. அப்போது கேட்ட கேள்வியால்தான் எல்லாமே திரும்பியது. அவர் வேறெதையோ நினைத்துக் கேட்டார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். "எருமை உங்களோடது. நீங்க ஒருத்தி வந்தாப் போதுமே. எதுக்கு அஞ்சு பேரு வந்தீங்க?"

நான் அதைச் சொல்லி முடிக்கவில்லை, ராமாத்தாளுக்குக் குரல் திரும்ப வந்துவிட்டது.

"அஞ்சு பேரையுந்தானுங்க அவரு கேட்டாரு. மேஞ்சது நெசமுங்க. அதுக்கு ஒரு நாளு சும்மாவே பருத்தி எடுத்துக் குடுத்துப்போடறேன்னு அன்னைக்கே வந்து சொன்னனுங்க. அது பத்தாதுன்னாருங்க. நாங்க அஞ்சு பேரும் ஒண்ணாப் பருத்திக்குப் போறவிய. அஞ்சு பேரும் இந்தப் பருத்தி முடியற வரைக்கும் கூலியில்லாம வாங்க, அப்பறம் எருமைய உடறேன்னாருங்க. எருமை என்னுது. இவிய என்னங்க பண்ணுனாங்க? அதனால அஞ்சு பேருமாத்தானுங்க வந்தோம். அதுவரைக்கும் அவரு ஊட்ல என்ற எருமைப் பால்ல காப்பி குடிச்சிட்டு இருந்தாங்க. அத ஆருங்க கேக்கறது?"

தோட்டத்துக்காரருக்குக் கோபம் வந்தது. அவர் நாணயமான மனிதர் என்று ஊரில் பெயர். அந்தப் பெயருக்குப் பங்கம் வரக் கூடாதே என்று பதில் சொன்னார்.

"கறக்காம உட்டா மடி கட்டிப்போகாதுங்களா? வாயில்லா சீவன். காலையிலயும் சாயங்காலமும் ஆள் உட்டுக் கறந்து, தீனி போட்டு, நல்லாத்தானுங்க வெச்சிருந்தோம்."

"பாலை என்ன செஞ்சீங்க?" எஸ்.ஐ. கேட்டார்.

"என்ன செய்யறது, ஊட்ல குடிச்சோமுங்க."

"ரைட்டர், பால் கறந்தது, குடிச்சது. ரெண்டையும் எழுதுங்க" என்றார் எஸ்.ஐ. நான் எழுதினேன். அவர் நாற்காலியைத் தோட்டத்துக்காரர் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார். அந்தப் பேச்சை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் ஒரு வார்த்தை விடாமல் எனக்கு நினைவிருக்கிறது.

"அண்ணாச்சி, வெள்ளாமையில மாடு மேஞ்சா நீங்க புடிக்கலாம். தப்பில்லை. ஆனா புடிச்ச மாட்டை ஒரு நாளைக்குள்ள, மேய்ஞ்ச மாட்டை அடைக்கிற சர்க்கார் பவுண்டுக்கு அனுப்பணும். அனுப்பினீங்களா?"

"பவுண்டு தொலைவுங்களே."

"அனுப்பலை. அப்போ ஒரு நாளைக்கு மேல அது உங்க வசம் இருந்ததே முறையில்லை. கூலியில்லாம வேலைக்கு வந்தாத்தான் விடுவேன்னு சொன்னதா இந்த அம்மா சொல்லுதாங்க. இல்லைங்கீங்களா?"

தோட்டத்துக்காரர் இல்லை என்று சொல்லவில்லை. அதையும் அவருக்காகச் சொல்லியாக வேண்டும். சுற்றி ஊரே நின்றது. பொய் சொல்லியிருந்தால் அவர் பேச்சுக்குத்தான் மதிப்பு. ஆனாலும் அவர் பொய் சொல்லவில்லை.

"உங்க புகாரை வாங்க மாட்டேன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. இப்பவே பதிவு செய்யுதேன். ஆனா நான் எழுதினா நடந்தது பூராத்தையும் எழுதணும். அவங்க செஞ்சதுக்கு வார்த்தை தேடும்போது நீங்க செஞ்சதுக்கும் தேடணும். பயம் காட்டி வேலை வாங்கப் பாத்ததுக்கு ஒண்ணு இருக்கு. கைக்கு வந்த பாலைக் குடிச்சதுக்கு ஒண்ணு இருக்கு. எது நிக்கும், எது நிக்காதுன்னு கோர்ட்டுதான் சொல்லணும். உங்க குமாஸ்தா ஒரு வார்த்தையைத்தான் சொல்லியிருக்காரு. மத்ததையும் கேட்டுட்டு வாங்க. நாளைக்குக் காலையில ஸ்டேஷன்லதான் இருப்பேன்."

தோட்டத்துக்காரர் காகிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "யோசிச்சுச் சொல்றனுங்க" என்றார். போலீஸ்காரர்கள் வெயிலில் வந்திருக்கிறார்கள் என்று இளநீர் வெட்டச் சொன்னார். எஸ்.ஐ. வேண்டாம் என்று சைக்கிளை எடுத்தார்.

மறுநாள் காலையில் நாங்கள் இருவரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் வரவில்லை. மாலையில் ராமாத்தாள் மட்டும் வந்து, தெருவில் நின்றபடியே, "ஏனுங்க, வந்தாருங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அதற்கடுத்த நாளும் வந்து கேட்டாள். ஒரு வாரம் அப்படியே போயிற்று. பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். அந்த வாரம் முழுவதும் அவள் தூங்கியிருப்பாளா என்பது எனக்குச் சந்தேகம்தான். எனக்கும் சரியாகத் தூக்கம் இல்லை. எழுதும்படி ஆகிவிட்டால் என் கையால்தானே எழுத வேண்டும்?

புகார் வரவில்லை. வேறு இரண்டு வந்தன. முதலில், வீட்டைக் காலி செய்யச் சொல்லி எனக்கு ஆள் வந்தது. தோட்டத்துக்காரரின் தம்பி மகனுக்கு அந்த வீடு வேண்டுமாம். அவரைக்கொடி அப்போதுதான் பூவிட்டிருந்தது. என் மனைவி அதை விட்டுவிட்டு வர மனமில்லாமல் பந்தலோடு பெயர்க்கப் பார்த்தாள், முடியவில்லை. புது வீட்டில் காற்றோட்டம் நன்றாக இருந்தது. அதை இப்போது சொல்கிறேன், அப்போது சொல்லியிருந்தால் வீட்டில் சண்டை வந்திருக்கும்.

இரண்டாவது, எஸ்.ஐ.க்குப் பவானிப் பக்கம் மாற்றல் உத்தரவு. காரணம் ஒன்றும் சொல்லவில்லை, மாற்றல் உத்தரவில் காரணம் சொல்கிற வழக்கமும் இல்லை. அவர் படித்துவிட்டு, "ஜமக்காளம் வாங்க வசதியாப் போச்சு" என்றார். அம்மாவுக்கு ஒன்று வாங்கி அனுப்ப வேண்டும் என்று வந்த நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவர்தான்.

தோட்டத்துக்காரர் பருத்தி எடுக்கத் தொலைவிலிருந்து ஆள் கூட்டிவந்து பார்த்தார். சரிப்படவில்லை. செடியிலேயே பருத்தி வெடித்துக் காற்றில் பறக்கத் தொடங்கியதும், மாரப்பன் மூலம் அந்த ஐந்து பேருக்கும் சொல்லி அனுப்பினார். கூலி ஊர்க் கூலிதான். ராமாத்தாள் முதல் நாள் வேலைக்குக் கூலி வாங்கவில்லை. எருமை மேய்ந்ததற்கு ஒரு நாள் என்று தான் சொன்னது சொன்னதுதான் என்று கணக்கை முடித்துக்கொண்டாள். தோட்டத்துக்காரரும் அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை என்று மாரப்பன் சொன்னார்.

எஸ்.ஐ. பொறுப்பை ஒப்படைத்த அன்று காலையில் ராமாத்தாள் ஸ்டேஷன் படியேறி வந்தாள். கையில் ஒரு பித்தளைச் சொம்பு, மேலே துணி கட்டியிருந்தது. காய்ச்சிச் சர்க்கரை போட்ட பால்.

"அய்யாவுக்குங்க" என்றாள்.

யாரிடமும் ஒரு டீ வாங்கிக் குடிக்காத மனிதர் அவர். அவள் முகம் வாடிப்போகுமே என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. எஸ்.ஐ. சொம்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சொல்லுங்க அண்ணாச்சி, கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லுங்க" என்றார்.

பிறகு சாவிக்கொத்தை எடுத்துப் பெரிய ஏட்டிடம் கொடுத்தார். துப்பாக்கிகளை எண்ணிக் காட்டினார். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் எல்லாம் போட்டார். உள்ளே போய் யூனிபாரத்தைக் கழற்றிவிட்டு வேட்டி சட்டையோடு வந்தார். அவரை வேட்டியில் நாங்கள் பார்த்ததே இல்லை, இன்னும் சின்னப் பையனாகத் தெரிந்தார். ஸ்டேஷன் படியை விட்டு இறங்கி, கேட்டைத் தாண்டி, ரோட்டோரம் போய் நின்றுகொண்டார்.

"இப்போ குடுங்கம்மா" என்றார்.

நின்றபடியே ஒரு சொம்புப் பாலையும் குடித்து முடித்தார். ராமாத்தாள் அவர் குடிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஒரு சொட்டுத் தண்ணி கலக்கலீங்க" என்றாள்.

"தெரியுதும்மா. எங்க வீட்டுலயும் எருமை நின்னுச்சு."

சொம்பைத் தானே குழாயடிக்குக் கொண்டுபோய்க் கழுவி, கவிழ்த்துத் தண்ணீரை வடித்து, இரண்டு கையாலும் கொடுத்தார். ஈரோடு பஸ் வந்தது. அவருடைய பெட்டியையும் படுக்கையையும் நான் மேலே ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாக அவளிடம் அவசரமாக ஒரு வார்த்தை சொன்னார். பஸ் கிளம்பிவிட்டது.

தூசி அடங்கும்வரை இருவரும் நின்றோம். ராமாத்தாள் சொம்பின் ஈரத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"கடைசியா என்னங்க சொன்னாரு?" என்று கேட்டாள்.

"எருமையை நல்லாக் கட்டி வெச்சுக்கச் சொன்னாரு, அம்மணி."

"தங்கமான மனுசன்" என்றாள். "பேசறதுதான் ஒண்ணும் வெளங்க மாட்டேங்குது."

கன்றுக்குத் தண்ணீர் காட்ட நேரமாயிற்று என்று சொல்லிவிட்டு, ரோட்டைத் தாண்டி நடந்தாள்.